மூன்றடி இறக்கம்

நாடாவின் ஒரு முனையை வாசலில் முனியசாமி பிடித்துக்கொள்ள
மறுமுனையோடு நான் நடக்கிறேன்.
நீளம் எண்பத்திரண்டு, அகலம் நாற்பத்தொன்று.
வங்கிக்கு இவ்வளவு போதும்.
ஆனால் கால் சொல்கிறது வேறொரு கணக்கு:
வாசலிலிருந்து தென்சுவர் வரை
மூன்றடி இறக்கம்.

நண்டுக் கம்பெனிக்கு அது தோது.
அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் அறுபது பெண்கள்,
வெள்ளைத் தொப்பி, ரப்பர் செருப்பு.
கழுவிய தண்ணீர் ஓட்டுத் துணுக்குகளோடு
முன்பு திரை இருந்த சுவரடிக்குத்
தானே போய்ச் சேர்கிறது.
பின்னால் இருப்பவனுக்கு
முன்னால் இருப்பவன் தலை மறைக்கக் கூடாதென்று
போட்ட சரிவு இது.

பத்திரத்தில் ஷம்ஸ் டாக்கீஸ்.
மண்டபத்துக்காரர் வாயில் கொழும்பான் கொட்டகை.
கருவாடு ஏற்றிப் போய்ச் சம்பாதித்த காசில்
சீனி அசனா மரைக்காயர் கட்டியது.
ஒரு படம்கூட அவர் பார்த்ததில்லை என்கிறார்கள்.
ஆபரேட்டர் அறையில் நின்றபடி
எல்லாம் பார்த்தார் என்றும் சொல்கிறார்கள்.
பெண்கடல் பக்கம் வாசல், ஆண்கடல் பக்கம் திரை.
கச்சான் அடிக்கும் மாதங்களில் வசனம் கேட்காது.
தரை டிக்கெட்டுக்குக் கடல்மணல்;
எச்சிலும் கடலைத் தோலும் சேர்ந்தால்
அள்ளிக் கடலிலேயே கொட்டுவார்கள்.

பின்சுவரில் இரண்டு சதுர ஓட்டை.
ஏணி வைத்து அளக்கப் போனேன்.
"அது இன்னாசி கண்ணு, அதைப் போய் அளக்குறீங்க"
என்றாள் நம்புவள்ளி, நண்டிலிருந்து கையெடுக்காமல்.
"அன்னிக்கு எங்கம்மா இதுக்குள்ள.
நான் அம்மாவுக்குள்ள."

மார்கழிப் புயல். இரண்டாம் ஆட்டம்.
இடைவேளையில் பீடிக்குப் போன இருவர்
நனைந்து ஓடி வந்து கதவைச் சாத்தச் சொன்னார்கள்.
வெளியே பனை முறிகிற சத்தம்.
பன்னிரண்டாம் டப்பா முடிந்தது.
கடைசி டப்பாவை இன்னாசி திறக்கவில்லை.
படம் முடிந்தால் எழுந்து போவார்கள்.
போனால்?
முதல் டப்பாவை மறுபடி ஏற்றினான்.

விசில். செருப்பு. அவன் தாயை இழுத்து வசவு.
நாயகி மறுபடி சிறுமியானாள்,
மறுபடி வளர்ந்தாள்,
மறுபடி தாலிக்குத் தலை குனிந்தாள்.
அதற்குள் அடங்கிவிட்டார்கள்.
மூன்றாம் முறை பாதியில் டீசல் தீர்ந்தது.
இருட்டில் மிச்ச வசனத்தை
தரை டிக்கெட் சொல்ல, பெஞ்சு டிக்கெட் பதில் சொன்னது.
விடிந்து கதவைத் திறந்தால்
வடக்குத் தெருவில் ஒரு கூரை இல்லை.

கிழித்த டிக்கெட் நூற்றுப் பதினேழு.
நடந்து வெளியே வந்தது நூற்றுப் பதினெட்டு
என்று கணக்கு வைத்திருக்கிறாள் நம்புவள்ளி.

அந்தப் படம் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.
நாயகி கிணற்றில் விழுந்தாளா, புருஷன் வந்தானா,
இன்னும் தகராறுதான்.
மேசையில் கேட்டேன். மூன்று பேர், மூன்று முடிவு.
நான்காவது பெண் காலை ஒடித்தபடி
"அதுக்கப்புறமும் இருந்திருப்பா" என்றாள்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது.
அக்கரையிலிருந்து அகதிகள் வந்த வருடம்
வாசல் பக்கம் தலையும் திரைப் பக்கம் காலுமாக
குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள்.
கல்யாண மண்டபமாக்கிப் பார்த்தார்கள்;
மாப்பிள்ளை பள்ளத்தில், சாம்பார் வாளி நிற்கவில்லை.
பூட்டிக் கிடந்தது. வௌவால். பிறகு நண்டு.

கோப்பில் ஒரு காகிதம், மதுரை விநியோகஸ்தர் எழுதியது:
பதின்மூன்றாம் சுருள் சீல் உடையாமலே நனைந்து பாழ்.
முந்நூற்று நாற்பது ரூபாய் உடனே அனுப்பவும்.
கட்டிய ரசீதைத் தேடினேன். இல்லை.

வில்லங்கம்: ஏதுமில்லை என்று எழுதினேன்.
தரை: உறுதி.
குறைகள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

"விடவா சார்?" என்றான் முனியசாமி மேட்டிலிருந்து.
விட்டான்.
ஈரத்தரையில் சரசரவென்று இறங்கி வந்து
நாடா என் கைக்குள் சுருண்டது.